ஏழு அறை, ஒரு பூட்டு

சிறைச்சாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கப்போகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் மாஸ்டர். கம்ப்யூட்டர் மேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தத் தாளின் கடைசி வரியில், சான்றிதழ் வாங்குகிறவர்களின் பெயர் விடுதலைக் குழுவின் பார்வைக்கு அனுப்பப்படும் என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகப் பாம்பு பிடிக்கிற வகுப்பாக இருந்தாலும் அவர் சேர்ந்திருப்பார்.

துணி வெட்டுவதுதான் அவர் தொழில். ஆயத்த ஆடைக் கூடம் ஒன்றில் இருபது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். உள்ளே வந்த பிறகும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. காவலர்கள் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர்தான். பதினான்கு வருஷத் தண்டனையில் ஒன்பது வருஷத்தை முடித்திருந்தார்.

அவர் செய்தது ஒரு கதவைப் பூட்டியது. ஆடைக் கூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. வேலை நேரத்தில் யாரும் கீழே இறங்கித் திரியக் கூடாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள் என்று முதலாளி வாயால் சொல்லியிருந்தார். வாயால் சொன்னதுதான்; காகிதத்தில் எங்கும் இல்லை. ஒருநாள் துணிப் பொதி வந்து இறங்குவதைப் பார்க்க மாஸ்டர் கீழே போயிருந்த நேரத்தில் மேலே தீப்பிடித்தது. உள்ளே பதினாறு பேர் இருந்தார்கள். மாஸ்டர் மூன்று மாடியும் ஓடி ஏறினார். பூட்டில் சாவி சிக்கிக்கொண்டது. பின்னால் ஓடிவந்த சுமைக்காரர் சாவியைப் பிடுங்கித் திறந்தார். பதினோரு பேர் வெளியே வந்தார்கள், ஐந்து பேர் வரவில்லை. கோர்ட்டில் அவருடைய வக்கீல் சொன்னது இது. முதலாளி, பூட்டச் சொன்னது நானில்லை என்று கையை விரித்துவிட்டார்.

ஒன்பது வருஷமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் மனைவி வருவாள். மருத்துவமனை ஒன்றில் துணி வெளுக்கிற பிரிவில் அவளுக்கு வேலை. சலவைச் சோடா நெடி அவள் கைகளில் எப்போதும் இருக்கும். மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. மாஸ்டர் உள்ளே வந்தபோது நாலு. வகுப்பு தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை மனைவி வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணன் பேப்பரெல்லாம் ரெடி பண்ணிட்டாருங்க. எனக்கும் பாப்பாவுக்கும்."

அவளுடைய அண்ணன் கடல் கடந்து போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. வா வா என்று அவர் கூப்பிடுவதும், இவள் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதும் பழைய கதை.

"எப்போ?" என்றார் மாஸ்டர்.

"குழு எப்போ கூடுது?"

"நாலு மாசத்துல."

"அதுவரைக்கும் பார்க்கிறேன். நீங்க வெளிய வந்துட்டா நான் எங்கயும் போகல. இங்கயே கெடந்துடுவோம், மூணு பேரும். வரலைன்னா..." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்லீங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்பது வருஷம் ஒருத்தி வந்ததே பெரிது. பக்கத்து அறைக்காரருக்கு ஒன்பது மாதத்தோடு வருகை நின்றுபோனது.

வகுப்பு நடந்த இடம் முன்பு கம்பளிக் கிடங்காக இருந்தது. எத்தனை பெருக்கினாலும் மூலையிலிருந்து கம்பளித் தூசி பறந்துவரும். நாலே நாலு பழைய கம்ப்யூட்டர்கள், எட்டு மாணவர்கள். இன்டர்நெட் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் வெளியிலிருந்து ஒரு டீச்சர் வருவார். முப்பது வயது இருக்கும். யார் என்ன செய்துவிட்டு உள்ளே வந்தார்கள் என்று கேட்கக் கூடாது என்பது அவருக்குப் போட்ட விதி. அவரும் கேட்கவில்லை. எட்டுப் பேரையும் ஏதோ தபாலில் படிக்கிற குமாஸ்தாக்கள் போலவே நடத்தினார். அதற்காகவே அவர்மேல் எல்லோருக்கும் மரியாதை.

பைதான் என்ற மொழியைக் கற்றுக்கொடுத்தார். முதல் மாதம் கூட்டல் கழித்தல் என்று ஓடியது. இரண்டாவது மாதம் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அங்கேதான் எட்டுப் பேரும் ஒன்றாக மண்டையைச் சொறிந்தார்கள். கிளாஸ் என்பது வீட்டின் வரைபடம் மாதிரி, ஆப்ஜெக்ட் என்பது கட்டிய வீடு மாதிரி என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். லாரி என்று எல்லோரும் கூப்பிடுகிற பழைய லாரி டிரைவர், "டீச்சர், வீடே இல்லாதவன்கிட்ட வரைபடத்தக் காட்டினா என்ன புரியும்?" என்றார்.

மாஸ்டர்தான் கையைத் தூக்கினார். "டீச்சர், இது பேட்டர்ன் அட்டைதானே?"

"அப்படின்னா?"

"சட்டைக்கு அளவு போட்டு அட்டையில வெட்டி வச்சுக்குவோம். அத வச்சு நூறு சட்டை வெட்டலாம். அட்டைய யாரும் போட்டுக்க முடியாது, சட்டையத்தான் போட்டுக்க முடியும். ஒரு சட்டைக்கு மட்டும் பாக்கெட் வேணும்னா அந்தச் சட்டையில தைக்கணும். அட்டையில போய் பாக்கெட் வரைஞ்சா, எல்லாச் சட்டைக்கும் பாக்கெட் வந்துடும்."

டீச்சர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "ஆறு வருஷமா இதைச் சொல்லிக்குடுக்கிறேன். இவ்வளவு தெளிவா நான் சொன்னதில்லை" என்றார். பிறகு பலகையில் பெரிதாக அட்டை ஒன்றும் சட்டைகள் மூன்றும் வரைந்தார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இரண்டு வாரம் வராந்தாவில் நடக்கும்போதுகூட அவர் நெஞ்சு கொஞ்சம் முன்னால்தான் இருந்தது. அதை லாரி கவனித்துவிட்டு, "அட்டையா சட்டையா, என்ன மாஸ்டர்?" என்று போகிற வருகிற இடமெல்லாம் கேட்டுத் தொலைத்தார்.

சான்றிதழுக்கு ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டு எழுதிக் காட்ட வேண்டும். படம் எதுவும் கிடையாது. எழுத்து மட்டும்தான். நீங்கள் இன்ன இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரையில் வரும். வடக்கே போ, விளக்கை எடு என்று ஆடுகிறவர் தட்டினால், அடுத்து என்ன நடந்தது என்று மறுபடி எழுத்தில் வரும். அறை ஒரு கிளாஸ், கதவு ஒரு கிளாஸ், பொருள் ஒரு கிளாஸ். அட்டை மூன்று, அதிலிருந்து எத்தனை அறை, எத்தனை கதவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். மாஸ்டருக்குக் கைவந்த கலை.

லாரி ஒரு நெடுஞ்சாலையை எழுதினார். எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. பூதம் வருமா என்று கேட்டதற்கு, பங்க்காரனே பூதம்தான் என்றார். மற்றவர்கள் புதையல், பாழடைந்த மாளிகை, காடு என்று எழுதினார்கள். மாஸ்டர் ஒரு வீடு எழுதினார். நடுவில் கூடம், அதைச் சுற்றிச் சமையலறை, படுக்கையறை, மகளின் அறை, தையலறை, சாமான் அறை, கொல்லைப்புறம். ஏழு இடங்கள். அப்படி ஒரு வீட்டில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தது ஒற்றை அறையும் தடுப்பும்தான்.

அடுத்த மாதத்து முதல் சனிக்கிழமை மனைவியிடம் விசாரித்தார்.

"பாப்பா ரூம் எப்படி இருக்கும்?"

"ரூமா? பீரோவுக்குப் பின்னாடி ஒரு கட்டில். அதுக்குப் பேரு ரூமா?"

"அங்க என்னென்ன இருக்கு, சொல்லு."

"ஸ்கூல் பை. ஒரு மேஜை விளக்கு, அது எரியாது. பச்சைத் துணி ஒண்ணு மறைப்பா கட்டியிருக்கா. வேற என்ன... ஒரு பூனை பொம்மை, காது பிஞ்சது. ஏன் கேட்கிறீங்க?"

"ஜன்னல்?"

"பீரோவுக்குப் பின்னாடி ஏதுங்க ஜன்னல்?"

வெள்ளிக்கிழமை மாஸ்டர் எழுதினார்: 'நீங்கள் மகளின் அறையில் இருக்கிறீர்கள். பச்சைத் திரை. மேஜை மேல் விளக்கு எரிகிறது. காது கிழிந்த பூனை பொம்மை ஒன்று உங்களைப் பார்க்கிறது. கிழக்கே பெரிய ஜன்னல்.' எழுதிவிட்டு ஓட்டிப் பார்த்தார். அந்த அறைக்குள் பத்துப் பன்னிரண்டு முறை போய்ப் போய் வந்தார். டீச்சர் பின்னால் வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு மாஸ்டர். ஆனா எல்லாக் கதவும் திறந்தே இருக்கே?"

"ஆமா டீச்சர்."

"மார்க் போடுற ஷீட்ல ஒரு பூட்டின கதவும் ஒரு சாவியும் கட்டாயம் இருக்கணும். சாவியத் தேடிக் கண்டுபிடிச்சுத் திறந்தாத்தான் விளையாட்டு. இல்லைன்னா சும்மா வீட்டைச் சுத்திப் பார்த்துட்டுப் போறதுதானே?"

"சும்மா சுத்திப் பார்த்துட்டுப் போகட்டும் டீச்சர்."

பக்கத்தில் இருந்த லாரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாக் கதவும் திறந்து கெடந்தா அது விளையாட்டா மாஸ்டர், சத்திரம்!" என்றார். சொன்ன கையோடு மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். லாரிக்கு வழக்கு தெரியும். டீச்சருக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. அறைகள் முடிந்தன, பொருள்கள் முடிந்தன, கூடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஒரு விருந்தாளிகூட முடிந்தார். பூட்டு மட்டும் நின்றது. ஒவ்வொரு வகுப்பிலும் அடுத்த வகுப்பில் போடுகிறேன் என்றார். நாலு வரி வேலை. எத்தனையோ முறை திரைமுன் உட்கார்ந்தார். பூட்டு என்று தட்டுவார், அழிப்பார். பிறகு மகளின் அறைக்குப் போய்ப் பூனை பொம்மைக்கு இன்னொரு வாக்கியம் சேர்ப்பார். அந்த வகுப்பிலேயே நன்றாக எழுதப்பட்ட பூனை அதுவாகத்தான் இருக்கும்.

குழு வரும் நாளும் நெருங்கிவிட்டது. அதற்கு முந்திய வகுப்பில் டீச்சர் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னார். "மாஸ்டர், பூட்டு இல்லைன்னா என்னால பாஸ் போட முடியாது. இங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் இது நல்லா வரும். எதுக்கு அடம் பிடிக்கிறீங்க?"

அடம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். கூடத்தில் இருக்கும் விளக்கை எடுத்ததும் காற்றடித்துக் கொல்லைக் கதவு சாத்திப் பூட்டிக்கொள்ளும். சாவி சமையலறையில் இருக்கும். அதை எடுத்துவந்து திறந்தால் கொல்லைப்புறம், அதோடு விளையாட்டு முடிந்தது. இதுதான் அவர் போட்ட திட்டம். ஆறிப்போன கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதுபோலத் தட்டி முடித்தார். ஒருமுறை ஓட்டினார். விளக்கை எடு. கொல்லைக்குப் போ. 'கதவு பூட்டியிருக்கிறது' என்று வந்தது. வந்த மாத்திரத்தில் மூடிவிட்டார். அதற்கு மேல் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. டீச்சர் அப்போது லாரியின் பெட்ரோல் பங்க்குகளில் மாட்டிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிகிற மணியும் அடித்துவிட்டது.

குழு வகுப்பறைக்கே வந்தது. அதில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வெள்ளைப் புருவம், மெல்லிய குரல். ஒரு பெண் டாக்டர். நலத்துறை அதிகாரி ஒருவர், அவர் வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாணவர்களில் மூன்று பேரைத்தான் விளையாட்டைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். லாரி முதலில் காட்டினார். குழு சிரித்தது. இரண்டாமவர் புதையலைக் காட்டினார். குழு தலையாட்டியது. மூன்றாவது மாஸ்டர்.

"நானே ஆடிப் பார்க்கட்டுமா?" என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் வருவதையெல்லாம் மற்றவர்களுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். கூடத்தைப் படித்தார். மகளின் அறைக்குப் போய்ப் பூனை பொம்மையைப் படித்து, "அடடா, என்ன அழகா எழுதியிருக்கீங்க" என்றார். மாஸ்டர் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆகிவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது. மனைவிக்கு எப்படிச் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

டாக்டர் கூடத்துக்குத் திரும்பினார். விளக்கை எடுத்தார். காற்றடித்தது. கொல்லைக்குப் போனார்.

"கதவு பூட்டியிருக்கிறது" என்று படித்தார். "சரி, சாவியத் தேடணும் போல. சமையலறைக்குப் போவோம்... கதவு பூட்டியிருக்கிறது. ஓ. படுக்கையறை? கதவு பூட்டியிருக்கிறது. மகளின் அறை... இதுவும் பூட்டியிருக்கிறதா? இப்பத்தானே வந்தேன்?"

மாஸ்டருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கொல்லைக் கதவின் பெயரை எழுத வேண்டிய இடத்தில், கதவு என்ற கிளாஸின் பெயரை எழுதியிருக்கிறார். ஒரு சட்டையில் தைக்க வேண்டியதை அட்டையில் வரைந்துவிட்டார். ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன ஆசாமி அவர். வீட்டிலிருந்த அத்தனை கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டது. சாவி சமையலறையில் இருக்கிறது. சமையலறைக்குப் போக வழியில்லை.

"டாக்டரம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க!" என்று தலைவர் சிரித்தார். நலத்துறை அதிகாரியும் கடிகாரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலைவர் முன்னால் இருந்த கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். அவர் சிரிப்பு நின்றது. அதை மெல்ல டாக்டர் பக்கம் நகர்த்தினார். டாக்டர் படித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

டீச்சருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "சார், இது சின்னத் தப்பு. ஒரே ஒரு வார்த்தை. எல்லாரும் செய்யிறதுதான். ரெண்டு நிமிஷம் குடுங்க, அவரே சரி பண்ணிடுவார்" என்றார்.

தலைவர் மாஸ்டரைப் பார்த்தார். நல்ல மனிதர்தான்; அந்தப் பார்வையில் பகை இல்லை. "செய்யுங்க" என்றார்.

மாஸ்டர் போய் உட்கார்ந்தார். அவருடைய எழுத்து திரையில் வந்தது. எழுபத்திரண்டாவது வரி. கதவு என்பதை அழித்துவிட்டுக் கொல்லைக் கதவு என்று தட்ட வேண்டும். கண் அந்த வார்த்தை மேலேயே இருந்தது. கை மடியில் இருந்தது. தூக்கு என்று கைக்குச் சொன்னார். தூக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடப் பொய். எப்போதும் அங்கேயே இருந்ததைத் திரும்பிப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சாவி சிக்கவே இல்லை. சாவி பூட்டின் பக்கமே போகவில்லை. மூன்று மாடி ஏறிப் போய்க் கதவுக்கு முன்னால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து அடித்தார்கள், மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கை தூக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. சுமைக்காரர் வந்து அவர் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தார். சிக்கிக்கொண்டது என்று வக்கீல் எழுதினார். இவர் கையெழுத்துப் போட்டார். சொல்லிச் சொல்லி ஒன்பது வருஷத்தில் அது நடந்ததாகவே ஆகிவிட்டது.

"மாஸ்டர், எழுபத்திரண்டாவது வரி" என்றார் டீச்சர் மெதுவாக. "என்ன மாஸ்டர்? உடம்பு முடியலையா?"

இரண்டு நிமிஷம் ஆயிற்று. நலத்துறை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து அதை உறுதி செய்தார். தலைவர் இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தார். பிறகு, "போதும்பா. நீங்க எழுந்திரிங்க" என்றார்.

பத்து நாள் கழித்துத் தாள் வந்தது. செய்த செயலின் பாரத்தை இவர் உணர்ந்ததற்கான அறிகுறி எதுவும் குழுவுக்குத் தென்படவில்லை என்றும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பரிசீலிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அடுத்த வகுப்பில் டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். "நான்தான் பூட்டுப் போடச் சொன்னேன்" என்றார். மாஸ்டர், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர், ஷீட்ல இருக்கிறதத்தான சொன்னீங்க" என்றார். லாரிக்குச் சான்றிதழ் வந்தது. அதை அவர் யாருக்கும் காட்டாமல் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை மனைவி தனியாக வந்தாள். மகளுக்குப் பரீட்சை என்றாள். நீள மேஜையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். காவலர் சுவரோரம் நின்றார்.

"என்ன ஆச்சுங்க?"

"இல்லைன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கலாமாம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "சர்டிபிகேட் நிச்சயம்னு சொன்னீங்களே?"

"விளையாட்டுல ஒரு தப்பு. ஒரு கதவு பூட்டிக்கிறதுக்குப் பதிலா எல்லாக் கதவும் பூட்டிக்கிச்சு."

"சரி பண்ண முடியாதா அத?"

"பண்ணலாம். ஒரு வார்த்தைய மாத்தணும், அவ்வளவுதான்."

"மாத்த விடலையா பாவிங்க?"

விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அந்த மூன்று பேரையும் வாயாரத் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், அவர் பக்கமாகவே இருந்துகொண்டு கப்பலேறியிருப்பாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"விட்டாங்க. நேரமும் குடுத்தாங்க. எந்த வார்த்தைன்னும் எனக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

"கை போகல."

அவள் மேஜை மேல் இருந்த அவருடைய கைகளைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அண்ணனிடமும், அக்கம்பக்கத்திலும், வேலை செய்யும் இடத்திலும் அவள் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான். எங்க வீட்டுக்காரர் திறக்கத்தான் பார்த்தார், சாவி சிக்கிக்கொண்டது. இறந்துபோன ஒரு பெண்ணின் தாய் தெருவில் வழிமறித்துக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள். சொல்லி, அடியும் வாங்கினாள்.

"அன்னைக்கும் இப்படித்தானா?" என்றாள்.

மாஸ்டர் காவலரைப் பார்த்தார். காவலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார், கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டினாள், பிரித்தாள்.

"நான் பாப்பாகிட்டச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கேங்க. அப்பா கதவத் திறந்தார்ன்னு."

"ஓடினேன். மூணு மாடியும் ஓடினேன்."

"ம்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "பதினெட்டாம் தேதி கிளம்புறோம்" என்றாள். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவதாகச் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள், அதையும் சொல்லவில்லை. எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டு, கதவுப் பக்கம் நடந்தாள். காவலர் திறந்துவிட்டார்.

வருகைக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கைதி மட்டும் மணி அடிக்கும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.